விடுமுறையில் மகனின் மாத்திரைகளை நிறுத்தலாமா? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு

இரு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

வணக்கம். என் மகனுக்கு 9 வயது. ஏடிஎச்டி, அதாவது கவனமின்மையும் அடங்காத துறுதுறுப்பும் உள்ள கோளாறு, இருக்கிறது. கூடவே, எதைச் சொன்னாலும் எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறும் இருப்பதாகக் குழந்தை மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. இரவில் குறைந்த அளவில் ரிஸ்பெரிடோன். இந்த இரண்டாவது மருந்து பிறகு சேர்ந்தது. தங்கையை அடிப்பதும் கையில் கிடைத்ததை வீசுவதும் அளவு மீறிப் போன பிறகுதான் அதை ஆரம்பித்தார்கள்.

அடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் எடை ஏறிக்கொண்டே போகிறது. போன வருஷத்துக் கால்சட்டை எதுவும் இடுப்பில் ஏறுவதில்லை. மதியம் பள்ளியில் சாப்பிடுவதே இல்லை, டப்பா கொடுத்தபடியே திரும்பி வருகிறது. இரவு படுத்த பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து தின்கிறான். சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் ஒன்றுமில்லாததற்கு அழுகை, கத்தல், கதவை அறைவது.

விடுமுறை வருகிறது. "பள்ளி இல்லாதபோது மருந்து எதற்கு? பிள்ளையை மந்தமாக்கி வைத்திருக்கிறோம், எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்" என்கிறார் கணவர். மாமியாருக்கும் அதே எண்ணம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது. இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அவன் நல்லபடியாக இருக்கும் நாளில் அது அவனா, மாத்திரையா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மூத்த அம்மா எழுதியது:

சகோதரி, முதலில் ஒன்று. "எல்லா மருந்தையும்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசாதீர்கள். உங்கள் மகன் சாப்பிடும் இரண்டும் வேறு வேறு இனம். ஒன்றைப் பற்றிய பதில் மற்றதற்குப் பொருந்தாது.

மெத்தில்ஃபெனிடேட் அன்றன்றைக்கு வேலை செய்து அன்றே உடம்பை விட்டுப் போகிற மருந்து. பசியும் வளர்ச்சியும் பாதிக்கப்படும் பிள்ளைகளுக்கு, விடுமுறையில் இடைவெளி விடலாமா என்று மருத்துவர்களே யோசிப்பதுண்டு. அது அவரோடு பேசித் திட்டமிட வேண்டிய விஷயம், நடக்கவே நடக்காத விஷயம் அல்ல.

ரிஸ்பெரிடோனைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் தூக்கம் கெடலாம், கோபம் முன்பை விடப் பலமாகத் திரும்பலாம். சில பிள்ளைகளுக்கு வாய், கை, உடம்பு தன்னிச்சையாக அசைவதும் உண்டு. குறைப்பதானால் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஏடிஎச்டிக்கே குளோனிடின், குவான்ஃபாசின் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இவை முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்துகள். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும்.

என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். அவனுடைய பள்ளி நாட்களில் எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சண்டை, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை மணிக்குத் தூங்கினான். நான்கு வாரம் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "ரொம்பக் கோபப்படுகிறான்" என்று போய் நின்றால் அவரும் என்னதான் செய்வார்?

---

மருந்துக் கவுண்டரிலிருந்து எழுதியது:

நான் மருந்தாளுநர். ஐந்து மணி விஷயத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

மெத்தில்ஃபெனிடேட்டில் சீக்கிரம் வேலை செய்யும் வகையின் பலன் மூன்று நான்கு மணி நேரம். நீண்ட நேர வகைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை போகும். பலன் இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் மருந்தே இல்லாத நாளை விட மோசமாக எரிந்து விழுவார்கள். அதோடு, மதியம் சாப்பிடாத பசி, பள்ளி முழுக்க அடக்கிக்கொண்டிருந்த களைப்பு எல்லாம் அந்த ஒரே மணி நேரத்தில் சேர்ந்து வருகின்றன. எந்த நேரத்தில் ஆரம்பிக்கிறது என்று குறித்துச் சொன்னால், மருத்துவர் வகையையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க வழி உண்டு. காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். பள்ளி விட்டு வந்ததும் கேள்வி, வீட்டுப்பாடம் எதுவும் வேண்டாம், முதலில் சாப்பாடு.

எடையும் இரவுப் பசியும் பெரும்பாலும் ரிஸ்பெரிடோன் பக்கம். இந்த மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். இது புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் கூட்டக்கூடியது. பையன்களுக்கு மார்பு வீங்கலாம், வலிக்கலாம். ஒன்பது வயதுப் பையன் அதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்ல மாட்டான். குளித்துவிட்டு வரும்போது நீங்களாகக் கவனித்துக்கொள்ளுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது, நாக்கு தடிப்பது போல இருப்பது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில்லறையாக இரண்டு மூன்று. நீண்ட நேர மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. சில வகை மாத்திரைகளின் வெற்றுக்கூடு மலத்தில் முழுசாக வெளியே வரும். மருந்து கரையவே இல்லை என்று பதறிப்போய் இன்னொன்று கொடுத்த பெற்றோர்கள் உண்டு. மருந்து உள்ளே இறங்கிய பிறகுதான் கூடு வெளியே வருகிறது. காலை மாத்திரை விட்டுப்போனால் சாயங்காலம் கொடுக்காதீர்கள், இரவு தூக்கம் போய்விடும். மறுநாள் இரண்டாகவும் கொடுக்க வேண்டாம்.

---

தயங்கும் அப்பா எழுதியது:

மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். சகோதரியின் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என் மகளுக்கு ஐந்து வயது. கடிப்பாள், தரையில் விழுந்து புரளுவாள், வகுப்பை விட்டு வெளியே ஓடுவாள். பள்ளியிலிருந்துதான் முதலில் "மருந்து ஆரம்பியுங்களேன்" என்ற பேச்சு வந்தது. மருத்துவரிடமிருந்து வரவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நடந்தால் இடைஞ்சல்தான், புரிகிறது. அந்த இடைஞ்சலுக்கு வைத்தியம் பிள்ளையின் மூளையில்தான் செய்ய வேண்டுமா? ஒரு குழந்தை கடிக்கிறது என்றால் அதற்குச் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. சத்தம் தாங்கவில்லையா, பேச்சு வரவில்லையா, பயமா? அதைத் தேடாமல் அமைதியாக்கிவிட்டால் கடைசி வரை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நாங்கள் மறுத்தோம். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி வகுப்புக்குப் போகிறோம். மெதுவாகத்தான் முன்னேற்றம். ஆனால் என் மகள் என் மகளாகவே இருக்கிறாள்.

---

மூத்த அம்மா எழுதியது:

தம்பி, உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் செய்தது சரியான வைத்தியம்தான். ஆறு வயதுக்குக் கீழே பெற்றோர் பயிற்சிதான் முதல் படி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. பிரிட்டனின் 2018 ஏடிஎச்டி சிகிச்சை வழிகாட்டியும் ஐந்து வயதுக்குள் அப்படித்தான், மருந்து என்றால் இன்னொரு நிபுணரின் கருத்தும் வேண்டும் என்கிறது. தேடிப் பார்க்க வேண்டும் என்பதும் சரி. காது சரியாகக் கேட்காத பிள்ளை, சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு உள்ள பிள்ளை, இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை, இவர்களெல்லாம் "சொன்னதைக் கேட்பதில்லை" என்று பெயர் வாங்குகிறார்கள்.

ஆனால் ஒன்பது வயதில், தங்கைக்கு அடி விழும் வீட்டில், கணக்கு வேறு.

இது நேற்று முளைத்த சண்டையும் இல்லை. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலிக்கு உதவுமா என்று பார்த்த பென்செட்ரின் என்ற தூண்டும் மருந்தை நடத்தைச் சிக்கல் உள்ள 30 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் பெரிய மாற்றம். தூண்டும் மருந்து எப்படி அடக்குகிறது என்று அவருக்கே ஆச்சரியம். அதே தூண்டும் வகையைச் சேர்ந்த மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் உருவாகி, 1950-களில் சந்தைக்கு வந்தது. ஆக, இந்த மருந்து வகைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் நல்லதும் கெட்டதும் ஓரளவு தெரிந்தவைதான்.

ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-இல் வெளியான எம்டிஏ என்ற பெரிய ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். 7 முதல் 9 வயது வரை 579 பிள்ளைகள், 14 மாதம். கவனமின்மை, துறுதுறுப்பு ஆகியவற்றுக்கு, நெருங்கிக் கவனித்துக் கொடுத்த மருந்து நடத்தைச் சிகிச்சையை விட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. பெற்றோர் பிள்ளை உறவு போன்ற விஷயங்களில் சேர்த்துக் கொடுத்ததுதான் முன்னால் நின்றது. மருந்துக் கட்சி இதோடு நிறுத்திக்கொள்ளும். நான் மீதியையும் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது வெவ்வேறு சிகிச்சை பெற்ற அந்தக் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் மறைந்துவிட்டது. புதிதாக ஆரம்பித்து விடாமல் மருந்து எடுத்த பிள்ளைகள், எடுக்காதவர்களை விடச் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக வளர்ந்திருந்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் பெற்றோர் முடிவெடுக்க வேண்டும். பயத்தில் கொடுக்கவும் கூடாது, பயத்தில் நிறுத்தவும் கூடாது.

---

வளர்ந்தவன் எழுதியது:

அக்கா, "அவனா, மாத்திரையா" என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் உள்ளே வந்து எழுதுகிறேன். நான் எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை மாத்திரை சாப்பிட்டவன்.

மாத்திரை சாப்பிட்ட நாட்களிலும் எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் என்ன செய்வது என்று மாத்திரை எனக்குச் சொல்லித் தரவில்லை. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வது, அறையை விட்டு வெளியே போவது, "இப்போது பேசாதீர்கள்" என்று சொல்வது, இதெல்லாம் அம்மாவும் ஒரு மனநல ஆலோசகரும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துப் பழகியவை. மாத்திரை இல்லாமல் அவற்றை என்னால் பழகியிருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதனால் உங்கள் மகன் தங்கையை அடிக்காமல் கையை இழுத்துக்கொண்டால், அதைச் செய்தது அவன்தான். அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. வீட்டில் எதற்குக் குரலை உயர்த்தினாலும் உடனே வரும் கேள்வி: "இன்றைக்கு மாத்திரை போட்டாயா?" என் பென்சிலை யாரோ உடைத்திருப்பார்கள். எனக்கு நியாயமான கோபம் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் என் நியாயம் செத்துப்போகும். நல்ல மதிப்பெண் வாங்கினால் மாத்திரைக்குப் பெயர், சண்டை போட்டால் எனக்குப் பெயர். தயவுசெய்து அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். உறவினர்கள் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். டப்பியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

இன்னொன்று, நிறுத்தலாமா என்று அவனையும் கேட்டீர்களா? வயிற்றில் என்ன செய்கிறது, தலை கனமாக இருக்கிறதா, பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும்.

---

வகுப்பாசிரியை எழுதியது:

தயங்கும் அப்பா பள்ளியைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. மருந்து வேண்டும் என்று சொல்வது ஆசிரியர் வேலை இல்லை. நாங்கள் பார்த்ததைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஆனால் பார்த்ததைச் சொல்வது பெரிய உதவி. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அதே பிள்ளை எப்படி மாறுகிறது என்பது பெற்றோருக்குத் தெரிய வழியே இல்லை. அளவு மாற்றும்போது வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற மதிப்பீட்டுப் படிவங்களை ஆசிரியரிடம் நிரப்பித் தரச் சொல்லி மருத்துவர்கள் கேட்பார்கள். எந்த வாரம் மாற்றினீர்கள் என்று எங்களிடம் சொல்லாமல் கொடுத்தால் இன்னும் நல்லது. தெரிந்துவிட்டால் நாங்களும் எதிர்பார்ப்பதையே பார்த்துவிடுவோம்.

தினசரி அட்டை ஒன்றும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று இலக்குகள் போதும். "நல்ல பிள்ளையாக இருந்தான்" என்று எழுதினால் பயன் இல்லை. "கையை உயர்த்திவிட்டுப் பேசினான்", "மதிய உணவில் பாதி சாப்பிட்டான்", இப்படிக் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியவை வேண்டும். டப்பா நிறைந்தபடி திரும்பி வருவது எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இடைவேளையில் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார வைத்தால் சில பிள்ளைகள் கொஞ்சமாவது சாப்பிடுவார்கள்.

---

பதின்ம மகளின் அம்மா எழுதியது:

சுருக்கமாக ஒன்று. இந்த இழையில் யாராவது ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்தோ, ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் அடோமாக்செடினோ புதிதாக ஆரம்பிப்பவர்கள் இருந்தால், முதல் சில வாரங்கள் பிள்ளையைக் கூர்ந்து பாருங்கள். சில இளையவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே மனச்சோர்வு மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. அடுத்த வருஷம் அடோமாக்செடினுக்கும் அதே. மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் மகளை மீட்டதே அதுதான். வழக்கத்துக்கு மாறான படபடப்பு, தூக்கமின்மை, விரக்திப் பேச்சு தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். எல்லா மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், பெரியவர்களுடையதையும்தான்.

---

இரு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். வளர்ந்தவன் தம்பி எழுதியதைத் தானாகவே இன்னொரு தடவை படித்தார்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். கணக்கு நோட்டை எடு என்றேன். எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன். "முடியாது." குரலை உயர்த்தினேன். நோட்டைத் தூக்கி எறிந்தான். எடுக்காவிட்டால் ஒரு மாதத்துக்கு டிவி கிடையாது என்றேன். நாற்காலியை உதைத்தான், அது தங்கையின் காலில் போய் இடித்தது. அவள் அழ, மாமியார் வந்து "பாவம், விடேன், நாளைக்கு எழுதுவான்" என்று அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கணக்கும் போடவில்லை, டிவியும் பார்த்தான்.

---

இரட்டையர் அப்பா எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நிர்ப்பந்தச் சுழல் என்று சொல்லலாம். நாம் கேட்கிறோம், பிள்ளை மறுக்கிறது, நாம் ஏறுகிறோம், அது இன்னும் ஏறுகிறது, கடைசியில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுத்த நொடியில் சத்தம் நிற்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியே இரண்டு பக்கத்துக்கும் பாடமாகிவிடுகிறது. உச்சிக்குப் போனால் கணக்கு போட வேண்டாம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். விட்டால் வீடு அமைதியாகும் என்று நாம் கற்றுக்கொள்கிறோம். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உங்கள் மாமியாரும் பேரனை அணைக்கத்தான் வந்தார்.

என் இரண்டு மகன்களில் ஒருவனுக்கு இதே கோளாறு. பெற்றோர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். மருந்து இறங்கும் ஐந்து மணிக்குக் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னால் அது சண்டைக்குத்தான் போகும். சாப்பிட்டு, ஓடியாடிவிட்டு ஆறரைக்கு எடுக்கட்டும். முடியாத நாளில் பாதிக் கணக்கு போதும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொல்லும் விதம். சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், தோள் உயரத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையை, கேள்வியாக இல்லாமல் சொல்லுங்கள்: "கணக்கு நோட்டை மேசையில் வை." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. நாம் மூன்றிலேயே அடுத்த வார்த்தையைப் பேசிவிடுவோம். அவனோ அப்போதுதான் எழ ஆரம்பித்திருப்பான். நோட்டை வைத்ததும், அரைமனதாக வைத்தாலும், அப்போதே சொல்லுங்கள்: "சொன்னதும் வைத்தாய், நல்லது." அதோடு "தினமும் இப்படிச் செய்தால் என்ன?" என்பதைச் சேர்க்காதீர்கள். பாராட்டில் குத்தல் ஏறினால் அது பாராட்டே இல்லை.

ஒரு மாதம் டிவி கிடையாது என்பதை யாராலும் நடத்த முடியாது. நடத்த முடியாததைச் சொன்னால் அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு எடை குறையும். இன்று சாயங்காலம் அரை மணி நேரம் டிவி இல்லை, அவ்வளவுதான். நாளைக்குப் புதுக் கணக்கு.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுக்கொடுப்பதை நிறுத்திய முதல் வாரங்களில் அவன் கத்தல் கூடும். இத்தனை நாள் வேலை செய்தது இப்போது வேலை செய்யவில்லையே என்று இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பான். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கைவிட்டால் முன்பை விட உயரமான உச்சியைப் பழக்கிவிட்டதாகிவிடும். அதனால் வீட்டில் எல்லாப் பெரியவர்களும் ஒரே பேச்சில் நிற்க முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள்.

அடி விழும் நேரத்தில் இதெல்லாம் செல்லாது. அப்போது பேச்சைக் குறைக்க வேண்டும். முதலில் தங்கையை அறையை விட்டு வெளியே கொண்டு போக வேண்டும், அவனை அல்ல. கூர்மையானவற்றையும் கனமானவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அறிவுரை, மிரட்டல், கட்டிப்பிடிப்பது மூன்றும் வேண்டாம். அவன் அடங்கிய பிறகு, அன்றோ மறுநாளோ, "நாற்காலி தங்கை காலில் பட்டது, அவளுக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டு, ஏதாவது ஒன்றைச் செய்ய வையுங்கள். மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தி வாங்கும் மன்னிப்பால் அவளுக்கும் பயன் இல்லை. ஆளைக் காயப்படுத்திவிடுவான் என்ற நிலை வந்தால் அவசர உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை அமைதியான ஒரு நாளில் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தங்கையாக வளர்ந்தவள் எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லோரும் அண்ணனைப் பற்றியே பேசுகிறோம்.

நான் அந்தத் தங்கையின் இடத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, நீ விட்டுக்கொடு." நானும் விட்டுக்கொடுத்தேன். பொம்மையை, ஜன்னலோர இடத்தை, பிறந்தநாளை. அவன் கதவைத் திறக்கும் சத்தத்திலேயே இன்று எப்படி இருக்கப்போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவேன். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். தொந்தரவு கொடுக்க எனக்கு இடம் எங்கே இருந்தது?

அம்மா, உங்கள் மகளுக்கு அவன் நுழையக் கூடாத ஒரு இடம் கொடுங்கள். தனி அறை இல்லையென்றால் பூட்டு வைத்த ஒரு அலமாரியாவது போதும். அவள் பொருளை அவன் உடைத்தால் அதற்குப் பதில் வாங்கித் தர வேண்டும், "பாவம் அவன்" என்று முடிக்கக் கூடாது. "அவன் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது" என்று அவள் சொன்னால், ஆமாம், கோபம் வரத்தான் செய்யும் என்று சொல்லுங்கள். அண்ணனுக்கு என்ன கோளாறு, மாத்திரை எதற்கு என்பதையும் அவள் வயதுக்குத் தக்கபடி சொல்லிவிடுங்கள். நான் பல வருஷம், அவனிடமிருந்து அது எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

தயங்கும் அப்பா எழுதியது:

தங்கையாக வளர்ந்தவள் எழுதியதைப் படித்த பிறகு, இது அந்தப் பையனுக்கும் மருந்துக்கும் இடையிலான விஷயம் மட்டும் இல்லை என்று புரிகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் என் கேள்வி ஒன்று நிற்கிறது. ஆரம்பிக்கும்போது எல்லோரும் இருக்கிறார்கள். முடிப்பதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்த ரிஸ்பெரிடோன் எத்தனை காலம்? அதை யாராவது சீட்டில் எழுதித் தந்தார்களா?

---

மருந்துக் கவுண்டரிலிருந்து எழுதியது:

சரியான கேள்வி ஐயா. ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து மருந்து வாங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ரிஸ்பெரிடோனுக்கு அமெரிக்காவில் 2006-இல் கொடுத்த அனுமதி, ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு. மற்ற பிள்ளைகளின் ஆக்ரோஷத்துக்குக் கொடுப்பது மருத்துவரின் அனுபவத் தீர்ப்பில் நடப்பது. அது தவறில்லை. ஆனால் அதனாலேயே, இன்னும் தேவையா என்ற கேள்வியை அடிக்கடி கேட்க வேண்டும். ஏடிஎச்டி மருந்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பிரிட்டன் வழிகாட்டி சொல்கிறது. பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எடை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இவை நடக்கவில்லை என்றால் பெற்றோர்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

---

இரு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கணவரும் வந்தார். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்ததும் மருத்துவர் முதலில் பார்த்தது மணிக் கணக்கைத்தான். பெரும்பாலான சண்டைகள் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் விழுந்திருந்தன.

முடிவு இது. விடுமுறையில் இரண்டில் ஒன்றை மட்டும் தொடப் போகிறோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ரிஸ்பெரிடோனை மெதுவாகக் குறைக்கிறோம், காலை மாத்திரை அப்படியே தொடரும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், நல்லதோ கெட்டதோ, எதனால் என்று தெரியாது என்றார். பள்ளி திறக்கும் வாரத்தில் எந்த மாற்றமும் கூடாது, அப்போது எல்லாப் பிள்ளைகளுமே தடுமாறும். அடி திரும்பினால் முந்தைய அளவுக்குப் போவோம், அதைத் தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். எப்போது நிறுத்துவது என்று கணவரே கேட்டார். சீட்டின் ஓரத்தில் மறுபரிசீலனைத் தேதியை எழுதிக் கொடுத்தார். தயங்கும் அப்பாவுக்கு நன்றி, அந்தக் கேள்வி உங்களுடையது.

மகனிடமும் கேட்டார். இரவில் வயிறு நிறையவே மாட்டேன் என்கிறது, தூங்கவும் முடியவில்லை என்றான். அதற்காக நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். இனி இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மாமியாரோடு கணவர்தான் பேசினார். "சண்டை நடக்கும்போது அவனைக் கூட்டிப் போக வேண்டாம், இளையவளைக் கூட்டிப் போங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது, செய்ய ஒரு வேலை இருக்கிறது அல்லவா. மகளுக்கு அலமாரிப் பூட்டு வாங்கியாயிற்று.

---

தயங்கும் அப்பா எழுதியது:

நல்ல செய்தி சகோதரி. என் மகளுக்கும் இன்னும் சில மாதத்தில் ஆறு முடிகிறது. பயிற்சி தொடர்கிறது, கடிப்பது நின்றிருக்கிறது, வெளியே ஓடுவது நிற்கவில்லை. அடுத்த சந்திப்பில் மருந்துப் பேச்சு வரும் என்று தெரிகிறது. எதையெல்லாம் கேட்க வேண்டும்?

---

மூத்த அம்மா எழுதியது:

எந்த ஒரு நடத்தைக்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஓடுவதற்கா, கவனத்துக்கா, கோபத்துக்கா? அந்த ஒன்று குறைந்ததா என்று யார், எப்படி, எத்தனை வாரத்தில் பார்ப்பார்கள்? ஆரம்பிக்கும் முன் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து எழுதுவார்களா? குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ இருந்தால் அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கவிளைவுக்குத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், எதற்கு நேரில் ஓடி வர வேண்டும்? வேலை செய்யவில்லை என்றால் எப்படி நிறுத்துவது? பயிற்சி தொடருமா?

இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் மருத்துவர் என்றால் நம்பி உட்காரலாம். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை அந்த வகுப்பறைக் கதவுக்கு மேல் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைக்க முடியுமா, அவளை ஆசிரியைக்கு அருகில் உட்கார வைக்க முடியுமா என்று நாளைக்கே கேளுங்கள். அதற்கு யாருடைய சீட்டும் வேண்டாம்.